பஞ்சுக்கோழியின் பிள்ளைகள்

ஃபேன்சி கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்பதில் ஒரு வசதி உண்டு. அவன் சொன்னபடி செய்து நீங்கள் கெட்டுப்போனாலும், அவன் கடை திறந்து உங்களுக்குப் போட்டியாக நிற்கப்போவதில்லை. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றது வயதினால் அல்ல. என் மனைவி மொட்டை மாடியைத் திருப்பிக் கேட்டார். கோழியா நானா என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நான் யோசிக்க அவகாசம் கேட்பேன் என்பது அவருக்குத் தெரியும். “துணி காயப்போட எடம் வேணும்” என்றார், அவ்வளவுதான். அதை மறுத்துப் பேச நான் படித்த விலங்கியலில் இடமில்லை.

தீவனம், தடுப்பூசி, இன்குபேட்டரில் எத்தனை டிகிரி சூடு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் செல்போன் என்னைவிட நன்றாகச் சொல்லும், நடுவில் இருமாது. நான் சொல்லப்போவது, கணக்கு ஒன்று சொல்லி, கோழி வேறொன்று செய்து, நாலு பேர் சுற்றி நின்று உங்கள் முகத்தையே பார்க்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி.

முதலில் என் தகுதி. திண்டிவனத்தில் ஒரு டுட்டோரியலில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் கட்டம் போட்டு, அப்பாவின் எழுத்தை மேலேயும் அம்மாவின் எழுத்தை ஓரத்திலும் எழுதி, பிள்ளைகள் எப்படிப் பிறப்பார்கள் என்று சாக்பீஸால் முடிவு செய்வேன். எந்தக் கோழியும் அங்கே வந்து என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அந்த மமதையில் சுருட்டைக் கோழியில் ஒரு ஜோடி வாங்கினேன். இறகெல்லாம் தலைப்பக்கமாக வளைந்து, பஸ் படிக்கட்டில் தொங்கியபடி சென்னை வரை போய் வந்ததைப் போல் இருக்கும். நல்லதோடு நல்லதைச் சேர்த்தால் மிக நல்லது பிறக்கும் என்று இரண்டையும் சேர்த்துவிட்டேன். பிறந்ததில் சில, வளர வளர இறகு உதிர்ந்து, உயிரோடு இருக்கும்போதே கறிக்கடையில் தொங்குவதைப் போல் நடமாடின. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “மசாலா தடவறதுதான் பாக்கியா?” என்றார். சுருட்டையைச் சாதாரணக் கோழியோடுதான் சேர்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். பாடமே நடத்தியிருக்கிறேன். தெரிந்திருப்பது ஒரு காரியம், கோழி வாங்கிய சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கு வருவது இன்னொரு காரியம்.

இத்தனைக்குப் பிறகும் என்னை நிபுணன் என்று நம்பி ஒருவர் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். அவர்தான் ஜாகிர் பாய். துபாயில் ஏசி மெக்கானிக். விடுமுறையில் வந்தவர். கையில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. ஓட்டை வழியாக வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. தலையணையைப் பெட்டியில் போட்டு எதற்குத் தூக்கி வருகிறார் என்று யோசித்தேன். பெட்டியைத் திறந்தார். தலையணை கூவியது.

அது சில்க்கி சேவல். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சாதாரண இறகில் இழைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். சில்க்கிக்கு அந்தக் கொக்கி இல்லை. அதனால் இறகு இறகாக நிற்காமல் பஞ்சாகப் பறக்கும்.

“ஜோடியாதான் சார் வாங்கினேன். பொட்ட செத்துப் பூட்சி” என்றார் ஜாகிர். “பொம்மையார்பாளையத்துல கெஸ்ட் ஹவுஸ் வச்சிக்கினு இருக்கற மேடம் ஒருத்தங்க, புல்லுத் தரையில இதுங்க உலாத்தணும்னு கேக்கறாங்க. வர்றவங்க தூக்கி மடியில வச்சிக்கினு போட்டோ எடுத்துக்குவாங்களாம். எத்தினி குடுத்தாலும் வாங்கிக்கறேன்னாங்க. எங்க வூட்ல நாட்டுக்கோழி இருக்குது. இத்தோட சேத்து வுட்டா பஞ்சு வருமா சார்?”

“வரும். ஆனால் பட்டு இறகு ஒடுங்கு பண்பு. முதல் தலைமுறையில் வெளிப்படாது. அந்தத் தலைமுறையைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு எதிர்பார்க்கலாம்” என்றேன். பிழையில்லாத விடை. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

ஜாகிர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். அத்தனை மரியாதையாகத் தலையாட்டுகிறவருக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை என்பது ஆயுசு முழுக்கக் கடைசி பெஞ்சுக்குப் பாடம் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் குஞ்சு வாங்க வருகிறவர் தலையாட்டினால், அதோடு விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அவர் வாயால் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

பெட்டியை மூடிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். “இது கை குடுத்துச்சின்னா நான் திரும்பிப் போவல சார். வூட்ல சொல்லிட்டா. செல்போன்ல குடும்பம் நடத்துனது போதும், சார்ஜ் போட்டுப் போட்டுப் புருஷன பாக்க முடியாதுன்னு.”

ஒரு மனிதர் தன் வீட்டில் இருப்பதா விமானம் ஏறுவதா என்பதை ஒரு தலையணையின் தலையில் கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குஞ்சு பொரித்து இறகு முளைத்ததும் போன் வந்தது.

“சார், காக்கா மாதிரி இருக்குது.”

“எத்தனை?”

“எல்லாமே சார்.”

பாண்டி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கருப்புக் குஞ்சுகள் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தன. வழவழப்பான இறகு, ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. நடுவில் அவற்றின் தகப்பன் வெள்ளை வெளேரென்று, யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல் நின்றுகொண்டிருந்தது.

அங்கே அன்வர் பாயும் இருந்தார். ஜாகிரின் மனைவி ஷாகிராவுக்கு அண்ணன். அதே தெருவில் கறிக்கோழிக் கடை. நல்ல மனிதர். சம்பளம் வருகிற துபாய் வேலையை விட்டுவிட்டுக் கோழியின் பின்னால் போகும் தங்கை புருஷனைக் காப்பாற்றியே தீருவது என்று, சார்ஜாவில் தன் நண்பரிடம் சொல்லி விசாவுக்கு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். கோழிகளின் எதிர்காலத்தைப் பற்றி அவருக்கு என்னைவிடத் தெளிவு அதிகம். அவர் அறிந்தவரை அது சாயங்காலத்தோடு முடிந்துவிடும்.

“வாங்க சார்” என்றார். “நாட்டுக்கோழிய வச்சி நாட்டுக்கோழியே எடுத்திருக்காரு எங்க மாப்ள. இதுக்கு எதுக்கு சார் வெள்ள சேவ? பந்தாவுக்கா?”

“உள்ளே இருக்கிறது. வெளியே தெரியவில்லை” என்றேன்.

“உள்ள என்னா இருக்குதுன்னு நான் தெனமும்தான் பாக்கறேன். ஈரலு, கொடலு. பஞ்செல்லாம் இல்ல சார்.”

ஜாகிர் என்னைப் பார்த்தார். நான் கட்டம் போடக் கரும்பலகையைத் தேடினேன். அந்த நேரத்தில் ஷாகிரா ஒரு தட்டில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு தோடு, உள்ளே இரண்டு பருப்பு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. கடவுள் இதைப் படைத்ததே எனக்குப் பாடம் நடத்தத்தான் என்று தோன்றியது.

“இதோ பாருங்க பாய். இந்த வெள்ளைச் சேவல், ஒரு தோடு. இரண்டு பருப்பும் தோல் உரித்த வெள்ளைப் பருப்பு. நாட்டுக்கோழி இன்னொரு தோடு. இரண்டும் சிவப்புத் தோல். குஞ்சுக்கு இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று. அப்போது எல்லாக் குஞ்சுக்கும் என்ன ஆகும்? ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. சிவப்பு பக்கத்தில் இருந்தால் வெள்ளை வாயைத் திறக்காது. ஆனால் செத்தும் போகாது. இந்தக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் சேரும்போது, இதிலிருந்து ஒரு வெள்ளையும் அதிலிருந்து ஒரு வெள்ளையும்...”

திரும்பினால் வெள்ளை இரண்டையும் காணோம். அன்வர் பாய் மென்றுகொண்டிருந்தார். பட்டு இறகை வாயில் போட்டுக்கொண்ட ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

“சொல்லுங்க சார், கேட்டுக்கினுதான் இருக்கேன். உப்பு கரெக்டா இருக்குது.”

ஆனால் ஷாகிரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அப்ப இந்தக் கருப்பெல்லாம் சும்மா கருப்பு இல்ல. ஒவ்வொன்னும் ஒரு வெள்ளைய ஒளிச்சி வச்சிக்கினு இருக்குது” என்றார்.

டுட்டோரியலில் அந்த வாக்கியத்துக்காகப் பல வருடம் காத்திருந்து பார்த்தவன் நான்.

ஜாகிருக்கு மட்டும் வேறொரு சந்தேகம். கூச்சத்தோடு கேட்டார். “சார், அதுங்களுக்குள்ளயேன்னா... அண்ணன் தங்கச்சி ஆவாதா?”

“கோழிகள் பத்திரிகை அடித்து நாலு பேருக்குக் கொடுப்பதில்லை பாய். விடுங்கள்.”

கடைசியில் அன்வர் பாய் தட்டைக் காலி செய்துவிட்டு ஒப்புக்கொண்டார். இந்தக் கருப்புகள் வளர்ந்து முட்டையிட்டுப் பொரிக்கும் குஞ்சுகளில் ஒன்றாவது பஞ்சாக வர வேண்டும். வந்தால் மாப்பிள்ளை இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் சார்ஜா.

நீங்கள் யாருக்காவது வாக்குக் கொடுப்பதாக இருந்தால், ஐப்பசிக்கு முன்னால் கொடுக்காதீர்கள். பஞ்சு இறகில் மழைநீர் வழிந்து ஓடாது, ஊறும். ஒரு மத்தியான மழையில், கூட்டுக்குள் போகத் தெரியாமல் முருங்கை மரத்தடியிலேயே நின்று அந்தச் சேவல் தெப்பலாக நனைந்துவிட்டது. ஷாகிரா அப்போது வீட்டில் இல்லை. அவருடைய அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக வளவனூர் போயிருந்தார். ஜாகிர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரை எடுத்து, சேவலை மடியில் வைத்து, சலூன்காரர் போலக் காயவைத்தார். முதுகு காய்ந்து, வால் காய்ந்து, தலைக் கொண்டைக்கு வரும்போது கரண்டு போய்விட்டது. மறுநாள் சேவலும் போய்விட்டது.

எனக்குப் போன் செய்து சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். “கவலைப்படாதீர்கள், அது கொடுக்க வேண்டியதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டது” என்றேன். அழகான வாக்கியம். “ஆகவே அந்தக் கருப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள்” என்று அதற்குப் பின்னால் ஒரு சாதாரண வாக்கியத்தைச் சேர்த்திருக்கலாம். அழகான வாக்கியத்துக்குப் பின்னால் சாதாரண வாக்கியம் எனக்கு வராது. எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் கோழித் தொழிலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாகிராவின் போன்.

“சார், எங்க இருக்கீங்க? ஜல்தி வாங்க. வளவனூர்ல இருந்து இப்பதான் வர்றேன். கூண்டுல ஒன்னுமே இல்ல. எல்லாத்தயும் எங்கண்ணன் கடையில தள்ளிட்டாரு. விசாவுக்குன்னு பாஸ்போர்ட்டயும் அவருகிட்டயே குடுத்துட்டாரு.”

“யார்?”

“யாரா? வாய்ல கொழுக்கட்ட வச்சாப்பல நிக்கறாரே, இவருதான்.”

பின்னால் ஜாகிரின் குரல் கேட்டது. “சேவலே பூட்சே, இனிமே எங்கருந்து பஞ்சு வரும்னு...”

“நீங்க பேசாதீங்க” என்றார் ஷாகிரா. போன் அணைந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஷாகிரா ஒரு பக்கம், ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பக்கம். பெரிய கம்பிக் கூண்டு முழுக்க நாட்டுக்கோழி. கிராமங்களிலிருந்து வியாபாரிகள் பிடித்துவந்த கோழியோடு நம்முடையதும் கலந்து கிடந்தது. பாதிக்கு மேல் கருப்பு.

“எது நம்முடையது?” என்றேன்.

ஷாகிரா உதட்டைப் பிதுக்கினார். “நான் போவும்போது இத்தினியூண்டு குஞ்சு சார். வளந்தத நான் பாக்கல. இவருதான் பாத்தாரு.”

ஜாகிரைப் பார்த்தேன். “எல்லாம் கோழியாதான் சார் இருந்துச்சு” என்றார்.

அன்வர் பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “தங்கச்சி கேட்டா இல்லன்னு சொல்வனா? உங்க கோழி எதுவோ அத எடுத்துக்கங்க. ஆனா எதுன்னு காட்டுங்க. கருப்பா இருக்கறதெல்லாம் என்னுதுன்னு சொன்னா நான் கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான். காலைல கொஞ்சம் வித்துப் பூட்சி, அதையும் சொல்லிட்டேன். ஜல்தி பாருங்க, கூட்டம் நிக்குது.”

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நண்பர்களே, இந்தப் பார்வைக்குத்தான் உங்களைத் தயார் செய்ய விரும்புகிறேன். படித்தது அத்தனையும் அந்த நேரத்தில் கிளம்பி எங்கேயோ போய்விடும். எனக்குள் மிஞ்சியிருந்தது பட்டாணிச் செடி ஒன்றுதான். கோழிக்கடையில் அதற்கு வேலை இல்லை.

முதலில் இறகை ஊதிப் பார்த்தேன். சில்க்கிக்குத் தோல் கருப்பு. பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வந்திருக்கும். ஒரு கோழியைப் பிடித்து முதுகில் ஊதினேன், கருமையாக இருந்தது. அடுத்ததை ஊதினேன், அதுவும் கருமை. வியாபாரி கொண்டுவந்த கருங்கால் கோழிக்கும் அதே நிறம். வரிசையில் நின்ற ஒருவர், “சூடா இருக்குதுன்னு ஊதறாரா?” என்றார்.

அடுத்து தலையைப் பார்த்தேன். சில்க்கிக்குக் கொண்டை போல இறகு நிற்கும். இங்கே அரைகுறையாக எல்லாவற்றுக்கும் நின்றது, கூண்டுக்குள் தள்ளுமுள்ளு செய்தால் யாருக்கும் தலை அப்படித்தான் நிற்கும். எனக்கும் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது கோழி என் மணிக்கட்டில் கீறியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. கோபத்தில் காலைப் பிடித்துத் தள்ளப்போனேன். பின்னங்குதியில், இருக்க வேண்டிய விரலுக்கு மேலே இன்னொரு விரல், வானத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றது.

சில்க்கிக்கு ஐந்து விரல். இறகு வாயை மூடிக்கொண்டிருக்கும் தலைமுறையிலும் விரல் பெரும்பாலும் வாயைத் திறந்துவிடும். கோட்டக்குப்பம் வட்டாரத்து நாட்டுக்கோழியில் நான் பார்த்தவரை நாலுதான்.

“ஐந்து விரல்!” என்று கத்தினேன். கடையில் பாதிப் பேர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது ஒரு மாதிரியான பரீட்சை. நான் கோழியைத் தலைகீழாகப் பிடிப்பேன், ஷாகிரா எண்ணுவார், ஜாகிர் கூடையில் போடுவார். வரிசையில் நின்றவர்கள் தாங்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

“கோழி வாங்க வந்தா வெரல எண்ணிக்கினு நிக்கறாங்களே, இன்னா பேஜாரா பூட்சி.”

“அண்ணே, எனக்கும் அஞ்சு வெரல் ஒன்னு போடு. கால் பீஸ் பெருசா வருமில்ல?”

“நாலு வெரல்னா ரேட்டு கொறப்பியா அன்வரு?”

ஒரு கருப்புப் பெட்டையை ஜாகிர் தானே பிடித்துக்கொண்டுவந்தார். நாலு விரல். “இது நம்முளுதுதான் சார். இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். தட்டுல ஏறி நின்னு திங்கும்.”

எனக்கும் அது நம்முடையதாகத்தான் பட்டது. ஐந்தாவது விரல் எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. சிலதுக்கு ஒரு காலில் மட்டும் வரும், சிலதுக்கு வராமலே போகும். ஆனாலும் “விட்டுவிடுங்கள்” என்றேன். அப்போது எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் வெட்கம் தராதது அது ஒன்று. சந்தேகமான ஒன்றைக் கூடையில் போட்டால், நாளைக்குப் பஞ்சு வராதபோது கோழியைச் சந்தேகிப்பதா, கணக்கைச் சந்தேகிப்பதா என்றே தெரியாமல் நிற்போம். அடையாளம் இருக்கிறதை எடு, மற்றதை மனசு கல்லாக்கிக்கொண்டு விடு. ஜாகிர் அந்தப் பெட்டையைக் கூண்டுக்குள் திருப்பி விட்டபோது அது அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

கூடையில் ஏழெட்டு சேர்ந்ததும் ஷாகிராதான் கேட்டார். “சார், எல்லாம் பொட்டையா இருக்குதே. சேவ?”

கூண்டில் ஐந்து விரல் சேவல் ஒன்றுகூட மிச்சமில்லை. வெறும் பெட்டைகளை வைத்துக்கொண்டு, ஒளிந்திருக்கும் வெள்ளைக்கு ஜோடி எங்கே போய்த் தேடுவது? நான் வாயைத் திறப்பதற்குள் அன்வர் பாயின் கை கண்ணில் பட்டது. ஒரு கருப்புச் சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருந்தார். அவருடைய விரல்களுக்கு நடுவிலிருந்து இன்னொரு விரல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. மறு கையில் கத்தி.

“பாய், நிறுத்துங்க!”

“இது வித்துப் பூட்சி சார்” என்றார். எதிரில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், பையைப் பிரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“இந்தச் சேவல் எங்களுக்கு வேணும் பெரியவரே” என்றார் ஜாகிர்.

“எனக்கும்தான் வேணும். எம் பொண்ணு புருஷன் மொத மொதல்ல விருந்துக்கு வந்திருக்காரு. வூட்ல புது மாப்ள வந்து உக்காந்துகினு இருக்காரு, இங்க நீங்க வெரல எண்ணிக்கினு இருக்கீங்க. வெட்டு அன்வரு.”

வியாபாரம் என்றால் அன்வர் பாய்க்கு வாக்கு ஒன்றுதான். கத்தியைச் சரியாகப் பிடித்தார். அப்போது ஷாகிரா கூண்டைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணனுக்கு எதிரில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“அவங்க வூட்டு மாப்ளைய உக்கார வச்சி சோறு போடறாங்க. நம்ம வூட்டு மாப்ளைய மட்டும் ஏண்ணே ஏத்தி அனுப்பறதிலயே குறியா இருக்கே?”

வரிசையில் நின்றவர்கள் எண்ணுவதை நிறுத்தினார்கள். கோழிகள்கூட ஒரு கணம் கூச்சலை நிறுத்திக்கொண்டதாக எனக்கு ஞாபகம், ஆனால் அது என் எழுத்துப் பழக்கமாக இருக்கலாம். ஜாகிர் தரையைப் பார்த்தார். பெரியவர் பையை மெதுவாக மடித்தார்.

அன்வர் பாய் கத்தியை மரத்துண்டின் மேல் வைத்தார். சேவலைப் புரட்டிப் பார்த்தார். அதன் விலாவைத் தட்டிப் பார்த்தார்.

“இது தேறாது பெரியவரே. எலும்புதான். புது மாப்ளைக்கு இத போட்டா நாளைக்கு எம் பேரு கெட்டுப் பூடும்” என்றார். உள்ளே போய் செவலைச் சேவல் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல கனம். பெரியவருக்கு மகிழ்ச்சி. கருப்புச் சேவலை ஜாகிரின் கையில் கொடுக்கும்போது மட்டும் கடுகடுப்பாக, “பாஸ்போர்ட் எங்கிட்டயே இருக்கட்டும். குஞ்சு வந்து பஞ்ச காட்டட்டும்” என்றார்.

மீட்டுவந்த பெட்டைகள் வளர்ந்து முட்டையிட்டதும், அடைகாத்தது ஷாகிராவின் பழைய நாட்டுக்கோழி. இடையில் ஒருநாள் போனில் கேட்டார். “ஒன்னாவது வந்துடும் இல்ல சார்?”

நாலில் ஒன்று என்பது ஆயிரம் குஞ்சுக்குச் சொல்கிற கணக்கு. அடையில் வைத்ததோ ஒரு கூடை முட்டை. அதில் எத்தனை கூமுட்டையோ. காசைப் பல முறை சுண்டினாலும் தொடர்ந்து பூவே விழுவதுண்டு. முன்பு போல முழு மதிப்பெண் விடை சொல்லி, அவரைத் தலையாட்ட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“வரலாம்” என்றேன். “வராமலும் போகலாம். வராவிட்டால் இன்னொரு அடை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.”

“டாக்டருங்க மாதிரி பேசறீங்க” என்றார். ஆனால் கோபம் இல்லை.

பொரித்தது ஒன்பது. முதல் சில நாள் எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள். ஒன்றும் சொல்ல முடியாது. அன்வர் பாய் தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். குஞ்சைப் பார்க்க வந்ததாகச் சொல்ல மாட்டார். நொய் கொடுக்க வந்தேன், டீ குடிக்க வந்தேன், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வந்தேன் என்பார். பிறகு குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்ப்பார்.

சிறகு முளைக்கும் நேரத்தில் ஜாகிர் என்னை வரச் சொன்னார். நான் போனபோது அன்வர் பாய் ஒரு குஞ்சைத் தனியே உள்ளங்கையில் வைத்திருந்தார்.

“இத்தினி வருஷமா கோழி பாக்கறவன் சொல்றேன் சார். இது ஒன்னு நோவுக் குஞ்சு. மத்ததுக்கெல்லாம் றெக்க வந்துட்சி பாருங்க, சீவிவுட்டாப்பல. இதுக்கு மட்டும் நஞ்சி நஞ்சியா, நூல்நூலா இருக்குது. தனியா எடுத்து வச்சிருங்க, மத்ததுக்கு ஒட்டிக்கப் போவுது.”

அதை வாங்கிச் சிறகை விரித்தேன். இறகுக் குச்சியின் முனை வெடித்து, உள்ளிருந்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து வந்துகொண்டிருந்தன. மெதுவாக ஊதினேன். பறந்தது.

“நோவு இல்லை பாய். இதுதான் அது” என்றேன்.

ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டார். ஜாகிர் குஞ்சைத் தொட விரலை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டார். மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் வழவழப்பு. கணக்குப்படி இரண்டு வந்திருக்க வேண்டும், வந்தது ஒன்று.

“ஒன்னுதான்” என்றார் அன்வர் பாய்.

“நீங்க கேட்டதும் ஒன்னுதான்” என்றார் ஷாகிரா.

அன்வர் பாய் குஞ்சை மறுபடி வாங்கி, நான் செய்ததைப் போலவே ஒருமுறை ஊதிப் பார்த்தார். இன்னொரு முறை ஊதினார். பிறகு அதைத் தாய்க்கோழியிடம் விட்டுவிட்டு எழுந்து கடைப் பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தோம். திரும்பி வரும்போது கையில் கறி கட்டிக் கொடுக்கும் கருப்பு பாலித்தீன் பை ஒன்று இருந்தது. அதை ஜாகிரிடம் நீட்டவில்லை, தங்கையிடம் நீட்டினார். உள்ளே பாஸ்போர்ட்.

“சார்ஜாவுக்கு நான் போன் பண்ணி சொல்லிக்கறேன்” என்று முனகினார்.

ஷாகிரா பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்தார். எதிரில் நின்ற ஆளைப் பார்த்தார். இரண்டையும் ஒப்பிட்டுச் சரிதான் என்று முடிவு செய்தது போல மூடினார்.

“பத்திரமா வெய்யி” என்றார் ஜாகிர். “முடியறதுக்கு இன்னும் வருஷம் கெடக்குது.”

“முடியட்டும்” என்றார் ஷாகிரா. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, குஞ்சுகளுக்குக் கேப்பை எடுக்க உள்ளே போனார்.